பீச்சில் செங்கொடி, ரயில்வேயில் ஸ்டிரைக், 68 வயதில் சிறை: யார் இந்த சிங்காரவேலர்?

சென்னை ராஜாஜி சாலையில் இருக்கும் கலெக்டர் ஆபீஸுக்கு ஏதாவது ஒரு சான்றிதழுக்காகவாவது போயிருப்பீர்கள். அந்தக் கட்டடத்தின் பெயர் சிங்காரவேலர் மாளிகை. பக்கத்திலேயே பீச் ஸ்டேஷன். பெயரில்தான் பீச் இருக்கிறது, இறங்கிப் பார்த்தால் கடல் இருக்காது, துறைமுகம்தான் இருக்கும். ஒரு காலத்தில் ஹைகோர்ட்டுக்கு எதிரே இருந்த கடற்கரைப் பகுதியும் நிஜமாகவே மணல்தான். 1923 மே 1 அன்று அங்கே ஒரு செங்கொடி ஏற்றப்பட்டது. இந்தியாவின் முதல் மே தினக் கொண்டாட்டம் அதுதான்.

சிங்காரவேலரைப் பற்றி பொது அறிவுப் புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஆனால் கொடி ஏற்றிய நாளில் அவருக்கு வயது 63. அதன் பிறகுதான் சதி வழக்கு, கட்சி, வேலைநிறுத்தம், சிறை எல்லாமே. முக்கியமாக 1928 ரயில்வே வேலைநிறுத்தம். அவர் அதிக விலை கொடுத்தது அதற்குத்தான். அதிகம் மறக்கப்பட்டதும் அதுதான்.

குப்பத்திலிருந்து ஹைகோர்ட் வரை

சிங்காரவேலர் பிறந்தது 1860 பிப்ரவரி 18. ஊர் சென்னை, அயோத்தியாகுப்பம். மீனவர் குடும்பம். அப்பா வெங்கடாசலம், அம்மா வள்ளியம்மை. கடலோரக் குப்பத்துப் பிள்ளை பள்ளிக்கூடம் தாண்டுவதே அன்றைக்குப் பெரிய விஷயம். இவர் கிறிஸ்தவக் கல்லூரி, மாநிலக் கல்லூரி என்று படித்துப் பட்டம் வாங்கினார். வியாபாரமும் செய்தார். சட்டம் படித்து முடித்து ஹைகோர்ட் வக்கீலாகப் பதிவு செய்தது 1907ல். அப்போது அவருக்கு 47 வயது. கரியர் மாற்றத்துக்கு லேட்டாகிவிட்டது என்று புலம்புபவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

அரசியலுக்கு முன்னால் அவரை இழுத்தது பவுத்தம். சாதி ஏற்றத்தாழ்வை மதரீதியாகவே மறுக்கும் ஒரு வழியாக, சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பவுத்தம் மறுபடி துளிர்த்தது. அயோத்திதாசர், பேராசிரியர் லட்சுமி நரசு போன்றவர்கள் இயங்கிய காலம். மகாபோதி சங்கத்தின் கூட்டங்கள் சிங்காரவேலர் வீட்டில் நடந்தன. கடற்கரையை ஒட்டிய அந்த வீட்டில் பெரிய நூலகம் ஒன்றும் இருந்தது. டார்வின், தத்துவம், பொருளாதாரம் என்று கிடைத்ததையெல்லாம் படித்தார். பிற்காலத்தில் அவர் தமிழில் எழுதிய அறிவியல் கட்டுரைகளுக்கெல்லாம் விதை அங்கேதான் விழுந்தது.

இதுவரைக்கும் பார்த்தால் வசதியான, நிறையப் படித்த, கொஞ்சம் வித்தியாசமான ஒரு மெட்ராஸ் வக்கீல். அவ்வளவுதான். அறுபது வயதில் ஓய்வு எடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1921ல் என்ன நடந்தது?

கொஞ்சம் ரீவைண்ட் செய்தால்தான் இது புரியும். பெரம்பூர் பகுதியில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரண்டு துணி மில்கள் இருந்தன. சென்னைக்காரர்கள் சேர்த்து பி அண்ட் சி மில் என்பார்கள். அங்கே வேலை செய்தவர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. தலைவர் பி.பி.வாடியா. செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் கூட இருந்தார்கள். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கமாக இது கருதப்படுகிறது.

இன்றைக்கு சங்கம் வைப்பது சட்டப்படி உரிமை. அன்று அப்படி ஒரு சட்டமே கிடையாது. தொழிலாளியை வேலைநிறுத்தம் செய்யச் சொன்னால், ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று தலைவர் மீது கம்பெனி கேஸ் போடலாம். பின்னி அதைத்தான் செய்தது. வாடியாவும் சங்கத் தலைவர்களும் தலையிடக் கூடாது என்று ஹைகோர்ட்டில் தடை உத்தரவு வாங்கியது, பெரும் தொகை நஷ்டஈடும் கேட்டது. தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் 1926ல்தான் வந்தது. அந்தச் சட்டத்துக்கான குரல் எழும்ப ஒரு காரணம் இந்தச் சென்னை வழக்கு.

வேலை நேரமும் வேற லெவல். 1911 சட்டப்படி துணி மில்லில் ஆண் தொழிலாளி ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை செய்யலாம். 1922 சட்டத் திருத்தம் அதை 11 மணி நேரமாக, வாரத்துக்கு 60 மணி நேரமாகக் குறைத்தது. குறைத்த பிறகு இந்த அளவு என்றால், அதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1921 ஜூனில் பி அண்ட் சி மில்லில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. மாதக்கணக்கில் நீடித்தது. நடுவில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் வேலைக்குத் திரும்ப, போராட்டம் சாதிச் சண்டையாகத் திரும்பியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது. ஒரே தறி ஷெட்டில், ஒரே முதலாளியிடம் வேலை செய்தவர்கள், வெளியே வந்ததும் சேரியாகவும் தெருவாகவும் பிரிந்து நின்றார்கள். சங்கத்துக்குத் தலைவர்கள் இருந்தார்கள், உறுப்பினர்கள் இருந்தார்கள். சாதியை எப்படிக் கடப்பது என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

சிங்காரவேலர் தொழிலாளர் பக்கம் முழுசாக வந்தது இந்தக் காலத்தில்தான். அதே 1921ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக வக்கீல் தொழிலை விட்டார். கவுனைத் தீயில் போட்டு, இனி கோர்ட்டுக்குப் போக மாட்டேன் என்று பகிரங்கமாக அறிவித்தார். 1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது நடந்த புறக்கணிப்பிலும் முன்னணியில் நின்றார்.

ஆனால் காந்தி சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர் இல்லை. 1921லேயே காந்திக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நிலமும் முக்கியத் தொழில்களும் மக்களின் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும், அதைச் சொல்லாத சுயராஜ்யத்தால் ஏழைக்கு என்ன லாபம் என்பதுதான் அதன் சாரம். வெள்ளைக்காரன் போய் நம்ம ஊர் முதலாளி வந்தால் மில் தொழிலாளிக்கு என்ன மாறப்போகிறது? அடுத்த இருபத்தைந்து வருஷமும் அவர் வெவ்வேறு மேடைகளில் கேட்டுக்கொண்டே இருந்தது இந்த ஒரே கேள்வியைத்தான். பதில் கிடைக்காத இடங்களிலிருந்து வெளியேறிக்கொண்டே இருந்தார் என்றும் சொல்லலாம்.

கயா மாநாட்டில் ஒரு மெட்ராஸ்காரர்

1922 டிசம்பரில் பீகாரின் கயாவில் காங்கிரஸ் மாநாடு. தலைமை சி.ஆர்.தாஸ். சட்டசபைக்குள் போவதா வேண்டாமா என்று தலைவர்கள் இரண்டாகப் பிரிந்து மோதிக்கொண்டிருந்த மாநாடு அது. அந்த மேடையில் எழுந்த சிங்காரவேலர், தான் ஒரு கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தார். தொழிலாளர்களைச் சேர்க்காமல் சுதந்திரம் வராது, அவர்களை அமைப்பாகத் திரட்டுவது காங்கிரஸின் வேலை என்று வாதாடினார். தொழிலாளர் பிரச்னைக்காக காங்கிரஸ் அமைத்த குழுவில் அவரும் இடம்பெற்றார்.

அந்த நேரத்தில் கம்யூனிஸ்ட் என்று பொதுமேடையில் சொல்வது சாதாரணமில்லை. ரஷ்யப் புரட்சி நடந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. மாஸ்கோவிலிருந்து வரும் கடிதம், பத்திரிகை எல்லாவற்றையும் பிரிட்டிஷ் உளவுத் துறை பிரித்துப் படித்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் இருந்த எம்.என்.ராய் இந்தியாவில் தொடர்பு வைத்திருந்த சில பேரில் சிங்காரவேலரும் ஒருவர். ஆக, அரசாங்கத்தின் லிஸ்ட்டில் அவர் பெயர் ஏறி ரொம்ப நாளாகிவிட்டது.

அந்தக் கொடி

கயாவிலிருந்து திரும்பி நாலு மாதத்தில் மே தினம். 1923 மே 1 அன்று சென்னையில் இரண்டு கூட்டங்கள் நடந்தன. ஒன்று ஹைகோர்ட் எதிரே கடற்கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணி கடற்கரையில். கொடி தைக்கச் சிவப்புத் துணி கிடைக்காமல் மகள் கமலாவின் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடியாக்கினார் என்று ஒரு கதை உண்டு. தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவரும் கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதை பிரபலமான அளவுக்கு, அன்று அங்கே என்ன அறிவிக்கப்பட்டது என்பது பிரபலமாகவில்லை.

அன்று அவர் ஒரு கட்சியைத் தொடங்கினார். பெயர் லேபர் கிசான் பார்ட்டி ஆஃப் இந்துஸ்தான், அதாவது இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சி. எட்டு மணி நேர வேலை, குறைந்தபட்சக் கூலி, வீட்டு வசதி, காப்பீடு என்று இன்றைக்கு ஹெச்.ஆர். பாலிசியில் நாம் தேடிப்பார்க்கும் சமாச்சாரங்கள் அந்தக் கட்சியின் கோரிக்கைகள். கட்சியைத் தொடங்கினாலும் காங்கிரஸை விட்டு அவர் விலகவில்லை. காங்கிரஸுக்கு உள்ளேயே தொழிலாளர்களின் குரலாக இது இயங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதே வருஷக் கடைசியில் இரண்டு பத்திரிகைகள் வந்தன. தமிழில் 'தொழிலாளன்', ஆங்கிலத்தில் 'லேபர் கிசான் கெசட்'.

தேர்ந்தெடுத்த இடத்தையும் கவனிக்க வேண்டும். எந்த ஹைகோர்ட்டில் வக்கீலாக இருந்தாரோ, எந்த ஹைகோர்ட் மில் தொழிலாளர் சங்கத்துக்குத் தடை உத்தரவு போட்டதோ, அதற்கு நேர் எதிரே கூட்டம்.

சதி வழக்கும் கான்பூர் மாநாடும்

1924ல் அரசாங்கம் நடவடிக்கையில் இறங்கியது. கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கு என்று பெயர். பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சியை இந்தியாவிலிருந்து அகற்றச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. எம்.என்.ராய், டாங்கே, முசாபர் அகமது, சவுகத் உஸ்மானி, நளினி குப்தா ஆகியோருடன் சிங்காரவேலர் பெயரும் இருந்தது. கைது செய்ய வந்தபோது அவர் கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். கான்பூருக்கு அழைத்துப்போக முடியாத நிலை. கடைசியில் அவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. மற்ற நான்கு பேருக்கு தலா நான்கு வருஷம் சிறை.

64 வயதில் இப்படித் தப்பித்த ஒருவர் அமைதியாக வீட்டில் உட்கார்ந்திருப்பார் என்றுதான் அரசாங்கம் நினைத்திருக்கும். அடுத்த வருஷமே அவர் கான்பூருக்கு ரயில் ஏறினார்!

1925 டிசம்பரில் கான்பூரில் காங்கிரஸ் மாநாடு. தலைவர் சரோஜினி நாயுடு. அதே வாரம், அதே ஊரில், சத்யபக்தா என்பவர் ஏற்பாட்டில் இந்தியாவின் முதல் கம்யூனிஸ்ட் மாநாடும் நடந்தது. வரவேற்புக் குழுத் தலைவர் உருதுக் கவிஞர் ஹஸ்ரத் மொஹானி. மாநாட்டுத் தலைவர் சிங்காரவேலர். இந்திய கம்யூனிஸ்ட் கட்சி தன் தொடக்கமாகக் கொண்டாடுவது இந்த மாநாட்டைத்தான். மார்க்சிஸ்ட் கட்சி 1920 தாஷ்கண்ட் கூட்டத்தைத் தொடக்கமாகச் சொல்லும். அந்த விவாதம் தனிக் கதை.

இந்த மாநாட்டையொட்டி உருவான விதிகளில் ஒன்று தனியாகச் சொல்லப்பட வேண்டியது. மதவாத அமைப்பு எதிலும் உறுப்பினராக இருப்பவர் கட்சியில் சேர முடியாது. அன்று காங்கிரஸில் இருந்துகொண்டே மத அமைப்புகளிலும் இருந்தவர்கள் நிறைய. ஒரு அரசியல் கட்சி இப்படி ஒரு விதியை வைத்தது அந்தக் காலத்துக்குப் புதுசு. புளியந்தோப்பில் ஒரு வேலைநிறுத்தம் எப்படி உடைந்தது என்று கண்ணால் பார்த்த ஊர்க்காரருக்கு இதன் அர்த்தம் யாரும் விளக்கத் தேவையில்லை.

இதே காலத்தில் சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் இருந்தார். 1927ல் பர்மா ஆயில் கம்பெனித் தொழிலாளர் போராட்டம் உட்பட நகரத்தில் நடந்த வேலைநிறுத்தங்களில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

பத்து நாள் வேலைநிறுத்தம்

இப்போது 1928. சவுத் இந்தியன் ரயில்வே அன்று அரசாங்கத்துடையது இல்லை, தனியார் கம்பெனி. தலைமையகம் லண்டனில், நிர்வாகம் திருச்சியில். சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி, தனுஷ்கோடி வரை தெற்கே ஓடிய ரயில்கள் அதனுடையவை. வண்டிகளைப் பழுதுபார்க்கும் பெரிய ஒர்க்‌ஷாப் நாகப்பட்டினத்தில் இருந்தது. போத்தனூரிலும் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்கலாம் என்று கம்பெனி முடிவு செய்து, திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில் புது ஒர்க்‌ஷாப் கட்டியது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அதே பொன்மலை ஒர்க்‌ஷாப்.

புது இடம், புது மெஷின். அப்புறம் என்ன? ஆள் குறைப்பு! மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பக் கம்பெனி திட்டமிட்டது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய ஒரு தேர்வு வைத்தார்கள். பல வருஷம் சுத்தியல் பிடித்த ஃபிட்டருக்கு, அவர் ஃபிட்டர்தானா என்று டெஸ்ட். தேறாவிட்டால் வேலை இல்லை. ரீஸ்ட்ரக்ச்சரிங், ஸ்கில் அசெஸ்மென்ட் என்று மெயில் வந்தால் நம் ஆபீஸில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது பழைய கதையாகத் தோன்றாது.

தொழிலாளர்கள் தேர்வெழுத மறுத்தார்கள். ஒர்க்‌ஷாப்களில் வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி கதவைப் பூட்டியது. சிங்காரவேலரும், வங்காளத்திலிருந்து வந்த தொழிற்சங்கத் தலைவர் முகுந்தலால் சர்க்காரும் தொழிலாளர்களுக்குத் துணையாக நின்றார்கள். ஒர்க்‌ஷாப்புக்குள் இருப்பவர்கள் மட்டும் நிறுத்தினால் கம்பெனிக்குப் பெரிதாக வலிக்காது, ரயில்கள் நிற்க வேண்டும் என்ற நிலை வந்தது. ஜூலை 19 நள்ளிரவில் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது.

ஊழியர் இல்லாமல் வண்டிகள் நின்றன. பல இடங்களில் தொழிலாளர்கள் தண்டவாளத்தில் படுத்து ரயிலை மறித்தார்கள். தண்டவாளம் பெயர்க்கப்பட்டதாகவும் கல்வீச்சு நடந்ததாகவும் தகவல்கள் வந்தன. அரசாங்கம் கம்பெனி பக்கம் நின்றது. போலீஸ் குவிக்கப்பட்டது. சில நாள்களிலேயே சிங்காரவேலர், முகுந்தலால், இன்னும் பல சங்கத் தலைவர்கள் கைது. தலைவர்கள் உள்ளே போனதும் போராட்டம் தள்ளாடியது. ஜூலை 30 அன்று வாபஸ் பெறப்பட்டது. பத்து நாள்தான்.

தோல்வி என்றால் முழுத் தோல்வி. ஆள் குறைப்பு நிற்கவில்லை. வேலை போனவர்களில் பலருக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பை இழந்த நாகப்பட்டினத்துக்கு அந்த இழப்பு நிரந்தரம்.

இதே ஜூலை மாதம் குஜராத்தில் பர்தோலி சத்தியாகிரகம் உச்சத்தில் இருந்தது. நிலவரி உயர்வை எதிர்த்து வல்லபபாய் படேல் தலைமையில் விவசாயிகள் நடத்திய போராட்டம். நாடு முழுக்க அதற்கு ஆதரவு, காங்கிரஸ் மொத்தமும் பின்னால் நின்றது. ஆகஸ்டில் அரசாங்கம் இறங்கிவந்தது. பர்தோலி இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நியாயமாகவே. அதே நேரத்தில் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான ரயில்வேக்காரர்கள் தோற்றுக்கொண்டிருந்ததை எத்தனை புத்தகங்கள் சொல்கின்றன? அரசாங்கத்தை எதிர்த்து விவசாயி போராடினால் அது தேசப் போராட்டம், கம்பெனியை எதிர்த்துத் தொழிலாளி போராடினால் அது சம்பளப் பிரச்னை என்கிற பார்வை அன்றும் இருந்தது. அந்தக் கம்பெனியே லண்டன் கம்பெனி என்பதுதான் வேடிக்கை.

வழக்கு சதி வழக்காக நடந்தது. பெருமாள் என்ற தொழிலாளர் தலைவருக்கு ஆயுள் தண்டனை, அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். சிங்காரவேலருக்கும் முகுந்தலாலுக்கும் பத்து வருஷம். எழுபதை நெருங்கும் ஒருவருக்குப் பத்து வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று நீதிபதிக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மேல்முறையீட்டில் ஹைகோர்ட் அதை 18 மாதமாகக் குறைத்தது. 1930ல் வெளியே வந்தார்.

அவர் உள்ளே இருந்தபோது 1929 மார்ச்சில் நாடு முழுக்கத் தொழிற்சங்கத் தலைவர்களை வளைத்துப் பிடித்து மீரட் சதி வழக்கு போட்டது அரசாங்கம். உலக அளவில் பேசப்பட்ட வழக்கு. அந்தப் பட்டியலில் சிங்காரவேலர் பெயர் இல்லாததற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. அவர் ஏற்கெனவே சிறையில்தான் இருந்தார்.

ஈரோட்டில் ஒரு கூட்டணி

வெளியே வந்தபோது அவருக்கு 70 வயது. தொழிற்சங்கம் சிதறியிருந்தது, கட்சி தலைமறைவு வேலைகளுக்குப் போயிருந்தது. அப்போது அவருக்கு மேடை கொடுத்தவர் பெரியார். 'குடி அரசு' இதழில் சிங்காரவேலர் தொடர்ந்து எழுத ஆரம்பித்தார். பரிணாமம், பிரபஞ்சம், கடவுள் நம்பிக்கை, பொருளாதாரம் என்று வரிசையாகக் கட்டுரைகள். அறிவியலைத் தமிழில் சாதாரண வாசகனுக்கு விளக்கிய ஆரம்பகால எழுத்துகளில் இவற்றுக்கு முக்கிய இடம் உண்டு. இப்போதைய பாஷையில் சொன்னால், எக்ஸ்பிளைனர்.

பெரியார் 1932 நவம்பரில் ரஷ்யா, ஐரோப்பா சுற்றுப்பயணத்திலிருந்து திரும்பினார். டிசம்பர் 28, 29 தேதிகளில் ஈரோட்டில் கூட்டம். அங்கே முன்வைக்கப்பட்ட சமதர்மத் திட்டத்தை உருவாக்கியதில் சிங்காரவேலருக்குப் பெரிய பங்கு. ரயில்வே, பேங்க், கப்பல் போக்குவரத்து எல்லாம் பொதுவுடைமை ஆக வேண்டும், விவசாயிகளின் கடன் ரத்தாக வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. ரயில்வே என்ற சொல் அந்தப் பட்டியலில் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

சாதியைப் பற்றிப் பேசுகிற இயக்கமும் கூலியைப் பற்றிப் பேசுகிற இயக்கமும் ஒரே மேடைக்கு வந்த அபூர்வமான கட்டம் இது. 1921ல் புளியந்தோப்பில் கிடைக்காத பதிலுக்கு மிக அருகில் வந்த நேரம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நீடிக்கவில்லை. 1933ல் அரசை விமர்சித்த தலையங்கத்துக்காகப் பெரியாரும் தங்கை கண்ணம்மாளும் சிறைக்குப் போனார்கள். 1934ல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்' நூலை ஜீவா மொழிபெயர்க்க, அதை வெளியிட்டதற்கும் கைது நடந்தது. இயக்கத்தையே அரசாங்கம் நசுக்கிவிடும் என்று கருதிய பெரியார், 1935ல் சமதர்மப் பிரசாரத்தை நிறுத்திவைத்துச் சமூகச் சீர்திருத்தத்தில் கவனம் செலுத்த முடிவெடுத்தார். சிங்காரவேலரும் ஜீவாவும் அதை ஏற்கவில்லை. உறவு முறிந்தது. இதில் யார் சரி என்று தமிழ்நாட்டில் இன்றும் சண்டை போடுபவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்பதுதான் உண்மை.

1935ல் 'புதுவுலகம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார் சிங்காரவேலர். வயதும் உடல்நிலையும் விடவில்லை. பொது மேடைகள் குறைந்தன.

அவரை நாம் ஏன் முழுசாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இந்தப் பாதையே காரணம் சொல்லும். காங்கிரஸ்காரர்களுக்கு அவர் கம்யூனிஸ்ட். கம்யூனிஸ்ட் வரலாற்றில் அவர் முதல் மாநாட்டுத் தலைவர், ஆனால் பின்னால் கட்சியை வளர்த்தெடுத்த தலைமுறையில் இல்லை. திராவிட இயக்க வரலாற்றில் அவர் மூன்று வருஷக் கூட்டாளி. ஒவ்வொருவரும் தங்களுக்குத் தேவையான பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டார்கள். எந்தச் சிக்கலும் இல்லாமல் எல்லோராலும் கொண்டாட முடிந்தது அந்தச் சிவப்புச் சேலைக் கதையை மட்டும்தான். சேலைக்குக் கட்சி கிடையாதே.

1945ல், 85 வயதில், சென்னையில் நடந்த அச்சுத் தொழிலாளர் மாநாட்டு மேடையில் ஏறிப் பேசினார். 1946 பிப்ரவரி 11 அன்று இறந்தார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 86வது பிறந்தநாள். அந்த பிப்ரவரி 18 அன்றுதான் பம்பாயில் கடற்படை மாலுமிகளின் எழுச்சி வெடித்தது. மோசமான சாப்பாட்டில் தொடங்கிய வேலைநிறுத்தம், நாலே நாளில் பம்பாய் மில் தொழிலாளர்களும் ஆதரவாக வேலையை நிறுத்தும் அளவுக்குப் போனது. காங்கிரஸ், முஸ்லிம் லீக் தலைவர்கள் மாலுமிகளைச் சரணடையச் சொன்னார்கள்.

எட்டு மணி நேர வேலை என்னாயிற்று? 1934ல் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 54 மணி நேரம் என்று குறைத்தது. அவர் இறந்த அதே 1946ல் வந்த திருத்தம் அதை 48 மணி நேரமாக்கியது. கணக்குப் போட்டால் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். அந்தச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது ஆகஸ்டில்.